மாறினாங்களா, மாத்தினாங்களா, மாத்திக்கிட்டாங்களா: பூர்வகுடிகள் பத்தி படிச்சு எழுதறது எப்படி

பூர்வகுடி மக்களப் பத்தி எழுத உக்காந்தா முக்காவாசிப் பேர் ஒரே கதையத்தான் எழுதறாங்க. இயற்கையோட நிம்மதியா இருந்தாங்க, வெளியாள் வந்தான், எல்லாம் போச்சு. அநியாயம் நடந்தது நூத்துக்கு நூறு உண்மை, அத யாரும் குறைச்சு சொல்லக்கூடாது, ஆனா அந்தக் கதைல அந்த மக்கள் எதுவுமே செய்யறதில்ல பாருங்க, யோசிக்கல, பேரம் பேசல, வேணாம்னு சொல்லல, புடிச்சத எடுத்துக்கல. அவங்கள ரெண்டாவது தடவை வாயில்லாதவங்களா ஆக்கற மாதிரி இருக்கு. ப்ராஜெக்ட்டுக்கோ அசைன்மென்ட்டுக்கோ இல்ல சொந்த ஆர்வத்துலயோ இதப் பத்தி எழுதப் போறவங்களுக்காக, நான் வருஷக்கணக்கா படிச்சதுல எது உதவுச்சோ அத இங்க சொல்றேன்.

நல்லவேளையா இதுக்கு நம்ம மொழியே ஒரு கருவி குடுத்திருக்கு. மாறினாங்க, மாத்தினாங்க, மாத்திக்கிட்டாங்க. மூணும் வேற வேற. மாறினாங்கன்னா தானா நடந்தது, மாத்தினாங்கன்னா இன்னொருத்தன் செஞ்சது, மாத்திக்கிட்டாங்கன்னா அவங்களே தங்களுக்காக செஞ்சது. நீங்க படிக்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்த மூணுல எதுன்னு கேட்டுக்கிட்டே போங்க. மீதி எல்லா வேலையும் இந்தக் கேள்விக்கு பதில் தேடறதுதான்.

முதல்ல ஒரே ஒரு மக்கள எடுத்துக்கோங்க. "அமெரிக்கப் பழங்குடிகள்"னு தலைப்பு வெச்சீங்கன்னா அப்பவே தோத்தாச்சு, ஏன்னா அதுல நூத்துக்கணக்கான மக்கள், நூத்துக்கணக்கான மொழி. அந்த மக்கள் தங்களுக்கு வெச்சுக்கிட்ட பேர் என்னன்னு பாருங்க. நாவஹோன்னு உலகம் சொல்றவங்க தங்களச் சொல்லிக்கிறது தீனே, எஸ்கிமோன்னு எழுதப்பட்டவங்களோட பேர் கனடாவுல இனுயிட், வட ஐரோப்பாவுல லாப்னு சொல்லப்பட்டவங்க சாமி. மத்தவங்க வெச்ச பேர் பல சமயம் பக்கத்துல இருந்த எதிரி சொன்னதாவோ, சரியா காதுல விழாததாவோ இருக்கும். பேர் ஏன் மாறுச்சுங்கறதே நல்ல ஒரு பக்கம் எழுதற அளவுக்கு விஷயம்.

அப்புறம் அந்த மக்களோட வாழ்க்கைல ஒரே ஒரு பொருளையோ பழக்கத்தையோ புடிங்க. ஆடு, கோடாலி, குதிரை, ஒரு விருந்து, ஒரு டான்ஸ், எதுவா வேணா இருக்கலாம். "கலாச்சாரம்"னு மொத்தமா தொட்டா கைல எதுவும் நிக்காது.

எனக்கு ரொம்பப் புடிச்ச உதாரணம் அமெரிக்காவோட தென்மேற்குல இருக்கிற தீனே மக்களோட ஆடு. செம்மறி ஆடு அந்த மண்ணோட மிருகமே இல்ல, 1598ல ஸ்பானியர்கள் ரியோ கிராண்டே ஆத்துப் பக்கம் குடியேறினப்ப ஓட்டிக்கிட்டு வந்தது, சுர்ரோன்னு பேர், வறண்ட நிலத்துல தாக்குப் பிடிக்கும், நீளமான ரோமம். தீனே மக்கள் வியாபாரம் பண்ணியும், அடிச்சுப் புடிச்சும் அத சம்பாதிச்சாங்க. யாரும் திணிக்கல. கொஞ்ச காலத்துல சாப்பாடு, கம்பளி, சொத்து, கல்யாணம், சடங்கு எல்லாம் ஆட்டைச் சுத்தி வந்துருச்சு. மந்தை பெரும்பாலும் பொம்பளைங்க சொத்து. நெசவு பக்கத்துல இருந்த புவெப்லோ மக்கள்கிட்ட இருந்து வந்ததுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க, தீனே மக்கள் தங்களோட புராணத்துல வர்ற சிலந்திப் பாட்டி கத்துக் குடுத்ததுன்னு சொல்றாங்க. ரெண்டையும் எழுதுங்க, ஒண்ண வெச்சு இன்னொண்ண அடிக்காதீங்க, ஏன்னா நெசவு எங்க இருந்து வந்துச்சுன்னு ஒண்ணு சொல்லுது, அது அவங்களுக்கு என்னவா ஆச்சுன்னு இன்னொண்ணு சொல்லுது. ஆடுதான் வாழ்க்கைன்னு அவங்க மொழில ஒரு வாசகமே இருக்கு. வெளில இருந்து வந்த மிருகம் இந்த அளவுக்கு சொந்தமாச்சு. இது மாத்திக்கிட்டது.

அதே ஆட்டை வெச்சே மாத்தினது என்னன்னும் பாக்கலாம். 1863, 64ல அமெரிக்க ராணுவம் அவங்க பயிரையும் ஆட்டையும் பீச் மரங்களையும் அழிச்சு, ஆயிரக்கணக்கான பேர நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடக்க வெச்சு பாஸ்கே ரெடொண்டோங்கற இடத்துல அடைச்சு வெச்சுது. 1868ல ஒப்பந்தம் போட்டு ஊருக்குத் திரும்பினாங்க, அந்த ஒப்பந்தத்துலயே 15,000 செம்மறியும் வெள்ளாடும் வாங்கித் தரணும்னு ஒரு ஷரத்து இருக்கு. மந்தை திரும்பப் பெருகுச்சு. அப்புறம் 1930கள்ல நிலம் அரிக்குது, மண்ணெல்லாம் புது அணையில போய் சேந்துரும்னு சொல்லி அதே அரசாங்கம் ஆட்டைக் குறைக்கணும்னு வந்து நின்னுது. வாங்கினது போக மிச்சத்த பல இடத்துல சுட்டு அங்கயே அழுக விட்டாங்க, மந்தைக்கு சொந்தக்காரிங்க கண்ணு முன்னாலயே. அரசாங்கம் ஆம்பளைங்க இருந்த கவுன்சில்கிட்டதான் பேசுச்சு, ஆட்டுக்கு உரிமைப்பட்டவங்கள யாரும் ஒழுங்கா கேக்கல. அப்ப அதுக்குப் பொறுப்பா இருந்த ஜான் காலியர், பூர்வகுடிகளோட மத சுதந்திரத்துக்காகவும் நில உரிமைக்காகவும் பேசின ஆள், 1934ல வந்த முக்கியமான சட்டத்துக்குப் பின்னாடி இருந்ததும் அவர்தான். நல்லது செய்யணும்னு நெனச்சவர் கையாலயே இது நடந்துச்சுங்கறத மறைக்காம எழுதுங்க. வில்லன் மட்டும்தான் கெடுதல் பண்ணுவான்னு நெனச்சா இந்த விஷயம் புரியவே புரியாது.

பாத்தீங்களா, ஒரே மிருகம், மூணு நூத்தாண்டு, ரெண்டு விதமான மாற்றம். ஒரே பொருளைப் புடிக்கச் சொன்னது இதுக்குத்தான்.

அடுத்தது தேதி வரிசை. ஒரு பேப்பர்ல கோடு போட்டு எது முன்னாடி, எது பின்னாடின்னு எழுதுங்க. சாதாரணமா தெரியும், ஆனா பல பேர் தப்பு பண்றது இங்கதான். ஹவாயி எடுத்துக்கோங்க. மிஷனரிகள் வந்துதான் ஹவாயியோட பழைய மத ஒழுங்க உடைச்சாங்கன்னு நெறைய பேர் எழுதறாங்க. கோட்டைப் போட்டுப் பாத்தா வேற மாதிரி இருக்கு. கப்புங்கற கட்டுப்பாட்டு முறைல ஆணும் பெண்ணும் சேந்து சாப்பிடக்கூடாது, பெண்கள் பன்றிக்கறி தொடக்கூடாது, சில வகை வாழைப்பழம் தொடக்கூடாது. முதலாம் கமேஹமேஹா ராஜா 1819ல செத்ததும், அதே வருஷம் அவரோட பையன் லிஹோலிஹோ பெண்களோட உக்காந்து சாப்பிட்டு அந்த முறைய முடிச்சு வெச்சார், அதுக்குப் பின்னாடி முக்கியமா இருந்தது செத்த ராஜாவோட மனைவி கஅஹுமனு. மிஷனரிகள் கப்பல் வந்தது 1820ல. அப்ப வெளித் தாக்கமே இல்லையான்னா இருந்துச்சு, 1778ல ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக் வந்ததுல இருந்து நாப்பது வருஷமா வெளியாட்கள் கப்புவ மீறியும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகலங்கறத ஜனங்க பாத்துட்டு இருந்தாங்க, நோய் வேற கொன்னுச்சு. ஆனா முடிவெடுத்தது அவங்க.

அதே தீவுல 1893ல ராணியோட ஆட்சியக் கவுத்தாங்க, 1896ல பள்ளிக்கூடத்துல பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான்னு சட்டம் வந்துச்சு. அது மாத்தினது. 1879ல மதேய்ராவுல இருந்து கப்பல்ல வந்த போர்ச்சுகீசியத் தொழிலாளிங்க கொண்டு வந்த குட்டி கிடாரத்த யுகுலேலேவா ஆக்கி தங்களுதா வெச்சுக்கிட்டது, மாத்திக்கிட்டது. ஒரே தலைமுறைக்குள்ள ரெண்டும் நடந்திருக்கு. "ஹவாயி கலாச்சாரம் மேற்கத்திய தாக்கத்தால் மாறியது"ன்னு ஒரு வரி எழுதினா இது எதுவுமே தெரியாது.

தானா மாறினதுன்னு ஒண்ணு உண்டான்னு கேப்பீங்க. நோய்தான் அதுக்குக் கிட்ட வரும். 1837ல மிசூரி ஆத்துல வந்த நீராவிப் படகு கூட பெரியம்மை வந்து, மாண்டன் மக்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல சில மாசத்துல செத்தாங்க. எண்ணிக்கைய எழுதிட்டு அடுத்த பாராவுக்குப் போயிடாதீங்க, நில்லுங்க. யார் செத்தாங்கன்னு யோசிங்க. கதை தெரிஞ்ச கிழவி, விதை எப்ப விதைக்கணும்னு தெரிஞ்சவ, சடங்குல எந்த வரி அடுத்து வரும்னு தெரிஞ்ச ஆள். மிச்சம் இருந்தவங்க பக்கத்துல இருந்த ஹிடாட்சா மக்களோட சேந்து ஒரே ஊரா குடியேறினாங்க, பின்னாடி அரிகாரா மக்களும் வந்து சேந்தாங்க, அப்ப யார் யாரக் கட்டிக்கலாம், எந்தச் சடங்க யார் நடத்தறது எல்லாத்தையும் புதுசா பேசித் தீத்துக்க வேண்டி இருந்திருக்கும். நோய் யாரும் முடிவு பண்ணினது இல்ல, அதுக்கப்புறம் எப்படி வாழறதுங்கறது அவங்க முடிவு.

அவங்க மொழிக்குள்ள போய்ப் பாருங்கன்னு அடுத்து சொல்வேன். முழுசா கத்துக்க முடியாது, ஆனா வெளில இருந்து வந்த பொருளுக்கு என்ன பேர் வெச்சாங்கன்னு அகராதில தேடலாம். குதிரைய முதல் தடவை பாத்த லகோட்டா மக்கள் வெச்ச பேருக்கு "புனிதமான நாய்"னு அர்த்தம் வரும், பிளாக்ஃபூட் மக்கள் வெச்சதுக்கு "எல்க் மான் நாய்". ஏன் நாய்? அதுவரைக்கும் அவங்க சுமைய இழுத்தது நாய்தான். அப்ப குதிரைய அவங்க முதல்ல பாத்தது சண்டை மிருகமா இல்ல, பெரிய சுமைதூக்கியான்னு அந்தப் பேர்லயே தெரியுது. கடன் வாங்கின வார்த்தையா, சொந்த வார்த்தைய ஒட்டி உருவாக்கினதான்னும் பாருங்க.

ஒப்பந்தம் இருந்தா ரெண்டு மொழிலயும் என்ன இருக்குன்னு கண்டிப்பா பாருங்க. நியூசிலாந்துல 1840 பிப்ரவரி 6ல பிரிட்டிஷ் அரசுக்கும் அங்க இருந்த மாவோரித் தலைவர்களுக்கும் நடுவுல வைட்டாங்கி ஒப்பந்தம். இங்கிலீஷ்ல இறையாண்மைய ராணிக்கு விட்டுக் குடுக்கறதா இருக்கு. மாவோரில இருக்கறது காவனதங்கா, கவர்னர்ங்கற இங்கிலீஷ் வார்த்தைய வெச்சு செஞ்ச சொல், ஆளுநர் வேலைங்கற மாதிரி. ரங்கதிரதங்கா, அதாவது தலைவர்களோட முழு அதிகாரம், அவங்ககிட்டயே இருக்கும்னு அதே மாவோரி வாசகம் சொல்லுது. கையெழுத்துப் போட்ட 500க்கும் மேற்பட்ட தலைவர்கள்ல 40 பேருக்கும் குறைவானவங்கதான் இங்கிலீஷ் பிரதில போட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் நடக்கற வழக்கு, வாக்குவாதம் எல்லாத்துக்கும் அடியில இந்த ரெண்டு வார்த்தை இருக்கு.

இப்ப ஆதாரம் பத்தி. பழைய போட்டோ கிடைச்சா சந்தோஷம்தான், ஆனா நம்பறதுக்கு முன்னாடி நிதானமா பாருங்க. எட்வர்ட் கர்டிஸ்னு ஒரு பேர்போன போட்டோகிராஃபர், 1910 வாக்குல பீகன் மக்களோட கூடாரத்துக்குள்ள ரெண்டு பேர் உக்காந்திருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தார். அவங்களுக்கு நடுவுல ஒரு கடிகாரம் இருந்துச்சு. அச்சுக்குப் போன படத்துல அது இல்ல, அழிச்சுட்டாங்க. அந்தக் கடிகாரம் அவங்க வீட்டுல இருந்தது, அவங்க பயன்படுத்தினது, அத வெச்சுக்கிட்டும் அவங்க பீகனாத்தான் இருந்தாங்க. பாக்கறவங்களுக்கு "கலப்படம் இல்லாத" பூர்வகுடி வேணும்னு அத எடுத்தாங்க. நீங்க எழுதறப்ப அந்தக் கடிகாரத்த அழிச்சுடாதீங்க. ட்ரக் ஓட்டறவங்க, செல்போன் வெச்சிருக்கவங்கன்னு வந்தா "இவங்க உண்மையானவங்க இல்ல"ன்னு தோணும், அந்த நெனப்ப எழுத்துல விட்டுடாதீங்க. வேற எந்த சமூகத்துகிட்டயும் மாறாம இருந்தாத்தான் நீ நீன்னு யாரும் கேக்கறதில்லையே.

வாய்வழிக் கதைய ரெண்டாந்தரமா வெக்காதீங்க. 1680ல புவெப்லோ மக்கள் ஸ்பானியர்கள வெரட்டின கலகத்துக்கு அப்புறம்தான் குதிரை வடக்க பரவுச்சுன்னு ரொம்ப காலம் புத்தகங்கள்ல இருந்துச்சு, சமவெளி மக்கள் பல பேர் அதுக்கு முன்னாடியே எங்ககிட்ட இருந்துச்சுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. 2023ல வெளிவந்த ஆய்வு பழைய குதிரை எலும்புகளப் பரிசோதிச்சு, 1600களோட முதல் பாதிலயே அவங்ககிட்ட குதிரை இருந்துச்சுன்னு காட்டுச்சு, அந்த ஆய்வுல பூர்வகுடி ஆய்வாளர்களும் கூட இருந்தாங்க. அவங்களே எழுதினது இருந்தா அதுதான் தங்கம். ஹவாயி மொழில 1834ல தொடங்கி நூத்துக்கும் மேற்பட்ட பத்திரிகை வந்திருக்கு. செரோக்கி மக்கள்ல செக்வோயா, இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், வெள்ளைக்காரங்க பேப்பர் பாத்துப் படிக்கிறதப் பாத்து அந்த யோசனைய மட்டும் எடுத்துக்கிட்டு தன் மொழிக்கு எழுத்து வரிவடிவம் உருவாக்கி 1821ல முடிச்சார், 1828ல பத்திரிகையே வந்துச்சு. மாத்திக்கிட்டதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. ஆனா எழுத்து, அரசியல் சாசனம், பத்திரிகை எல்லாம் இருந்தும் 1838ல அவங்கள வீட்ட விட்டு விரட்டி மேற்க நடக்க வெச்சாங்க, ஆயிரக்கணக்கான பேர் வழில செத்தாங்க. அவங்கள்ல வசதியானவங்க கறுப்பின மக்கள அடிமையா வெச்சிருந்ததும் வெளில இருந்து எடுத்துக்கிட்டதுல ஒண்ணு. கஷ்டமாத்தான் இருக்கும், அதையும் எழுதுங்க.

மாத்தினாங்கன்னு முடிவு பண்ணிட்டா சட்டத்த தேடுங்க. எந்தச் சட்டம், எந்த வருஷம், எப்ப நீக்கினாங்க. "அந்தச் சடங்கு மெல்ல மறைந்தது"ன்னு எங்கயாவது படிச்சா சந்தேகப்படுங்க. கனடாவோட மேற்குக் கரைல பாட்லாட்ச்னு ஒரு பெரிய விருந்து. பேர் வைக்கிறது, கல்யாணம், சாவு, பதவி ஏத்துக்கறது எல்லாம் அங்கதான், கூப்பிடறவங்க வந்தவங்களுக்கு சொத்த வாரிக் குடுப்பாங்க, வாங்கிக்கறவங்க அந்த உரிமைக்கு சாட்சி. அதாவது பத்திரப் பதிவு ஆபீஸ், கோர்ட், கோயில் எல்லாம் ஒண்ணா இருந்த இடம் மாதிரி. அது மறையல, 1884ல சட்டம் போட்டு 1885ல இருந்து தடை பண்ணாங்க, 1951 வரைக்கும். 1921 டிசம்பர்ல வில்லேஜ் தீவுல ரகசியமா ஒண்ணு நடந்தப்ப புடிச்சு வழக்கு போட்டாங்க, முகமூடியையும் செப்புத் தகட்டையும் ஒப்படைச்சா தண்டனை நிறுத்தி வைப்போம்னு பேரம் பேசினாங்க, ஒத்துக்காதவங்க ஜெயிலுக்குப் போனாங்க, பொருளெல்லாம் மியூசியங்களுக்குப் போச்சு. அதுல நெறைய இப்ப திரும்ப வந்துருச்சு, பல பொருள் 1980ல அலெர்ட் பே ஊர்ல திறந்த உமிஸ்டா மையத்துல இருக்கு. உமிஸ்டான்னா சண்டைல புடிச்சுட்டுப் போன ஆள் வீடு திரும்பறது.

விடுதிப் பள்ளிகளும் இதே மாதிரிதான். கனடாவுல 1,50,000க்கும் மேற்பட்ட குழந்தைங்கள வீட்டுல இருந்து பிரிச்சு கொண்டு போனாங்க, கடைசிப் பள்ளி மூடினது 1990கள்ல. அமெரிக்காவுல கார்லைல் பள்ளி 1879ல தொடங்கினது, போனதும் முடிய வெட்டுவாங்க, பேர மாத்துவாங்க, தாய்மொழி பேசினா அடி. "மொழி வழக்கொழிஞ்சுது"ன்னு எழுதறதுக்கு முன்னாடி இத நெனச்சுக்கோங்க.

ஒரு சின்னப் பொருள் எவ்ளோ தூரம் போகும்னு பாக்கணும்னா ஆஸ்திரேலியாவோட கேப் யோர்க்ல யிர் யோரொன்ட் மக்களோட கோடாலி. கல் கோடாலி ஆம்பளைங்க சொத்து, கல்லு நூத்துக்கணக்கான மைல் தெற்க இருந்து கைமாறி வரும், அதுக்காகவே வியாபாரக் கூட்டாளி, அதுக்காகவே வருஷாந்திரக் கூட்டம். பொம்பளைங்களும் பசங்களும் வேணும்னா கேட்டு வாங்கி வேலை முடிச்சுத் திருப்பித் தரணும். கிறிஸ்தவ மிஷன்ல இரும்புக் கோடாலிய பொம்பளைங்களுக்கும் பசங்களுக்கும் குடுத்தாங்க. இப்ப பெரியவர் பையன்கிட்ட கடன் கேக்கறார். லாரிஸ்டன் ஷார்ப்ங்கற மானிடவியலாளர் 1952ல இத எழுதினது உலகம் பூரா பாடமாச்சு, சமூகமே சரியுதுங்கற தொனில. ஆனா கோடாலி கிடைச்ச அந்தப் பொம்பளைங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னும் கேளுங்க. அந்த மக்கள் இன்னிக்கும் கோவன்யாமா, போர்ம்புராவ் ஊர்கள்ல இருக்காங்க. ஆய்வாளர் எங்க முடிச்சாரோ அங்க நீங்க முடிக்காதீங்க.

நேர்ல போய் பேசப் போறீங்கன்னா முதல்ல அனுமதி, தனியாள்கிட்ட மட்டும் இல்ல, அந்த சமூகத்துல முடிவெடுக்கறவங்ககிட்டயும். எதுக்கு கேக்கறீங்க, எங்க போடுவீங்கன்னு தெளிவா சொல்லுங்க, அதுக்கு மட்டும்தான் பயன்படுத்துங்க. கிராண்ட் கேன்யன்ல ஹவாசுபாய் மக்கள் 1990கள்ல நீரிழிவு ஆராய்ச்சிக்குன்னு ரத்தம் குடுத்தாங்க, அது மனநோய் ஆராய்ச்சிக்கும், அவங்க முன்னோர் எங்க இருந்து வந்தாங்கங்கற ஆராய்ச்சிக்கும் போச்சு, வழக்கு போட்டு 2010ல சமரசம் ஆகி ரத்தத்த திரும்ப வாங்கினாங்க. சடங்க வீடியோ எடுக்காதீங்கன்னு சொன்னா எடுக்காதீங்க. சில கதை சில மாசத்துல மட்டும் சொல்லணும், சிலது வெளிய சொல்லவே கூடாது, அது அவங்க உரிமை. எழுதி முடிச்சா அவங்களுக்கு படிச்சுக் காட்டுங்க, திருத்தச் சொன்னா திருத்துங்க. வெளியாளே வேணாம்னு இருக்கறதும் ஒரு முடிவுதான்: அந்தமான்ல வடக்கு சென்டினல் தீவுல இருந்து 1880ல ஆங்கிலேய அதிகாரி போர்ட்மன் ஆறு பேரப் புடிச்சுட்டுப் போனார், பெரியவங்க ரெண்டு பேர் நோய்ல செத்தாங்க, பசங்கள திருப்பி விட்டாங்க. அந்தத் தீவு மக்கள் வெளியாட்கள ஏன் விரட்டறாங்கன்னு எழுதறவங்க இந்த நிகழ்ச்சிய விட்டுட்டு எழுதவே கூடாது.

முதல் பிரதி முடிஞ்சதும் ஒரு பேனா எடுத்து வினைச்சொல் எல்லாத்தையும் வட்டம் போடுங்க. மறைந்தது, அழிந்தது, குறைந்தது, இழந்தார்கள்னு வர்ற ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல யாருன்னு எழுதுங்க. பதில் கிடைச்சா வாக்கியத்த மாத்தி அந்த ஆளை, அந்தச் சட்டத்த, அந்த கம்பெனிய எழுவாயா போடுங்க. கிடைக்கலன்னா இன்னும் கொஞ்சம் படிக்கணும்னு அர்த்தம். அப்புறம் அந்த மக்கள் எழுவாயா வர்ற வாக்கியம் எத்தனைன்னு எண்ணுங்க. வாங்கினாங்க, மறுத்தாங்க, ஒளிச்சு வெச்சாங்க, வழக்கு போட்டாங்க, கத்துக்குடுத்தாங்க. ரெண்டு மூணுதான் இருக்குன்னா திரும்பத் தேடுங்க.

கடைசிப் பாரா முழுக்க இறந்த காலத்துல இருந்தா அதையும் மாத்துங்க. மாவோரிப் பாட்டிகள் 1982ல குழந்தைங்களுக்கு கோஹங்கா ரேயோன்னு மொழிக் கூடு ஆரம்பிச்சாங்க, 1987ல மாவோரி ஆட்சி மொழியாச்சு, அதப் பாத்து ஹவாயில 1984ல அதே மாதிரி மழலைப் பள்ளி வந்துச்சு, தீனே மக்கள் அழியப் போன சுர்ரோ ஆட்டை திரும்ப வளக்கறாங்க. நீங்க எடுத்த மக்கள் இந்த வருஷம் என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு அவங்க நடத்தற ரேடியோ, பத்திரிகை, கவுன்சில் அறிவிப்புல தேடிப் பாத்து, அத வெச்சு அந்தப் பாராவ எழுதுங்க.